இடுப்பளவு ஈரம்

ஐப்பசி அடைமழை விட்ட பிறகு காரமடைப் பக்கத்துப் பழைய வீடுகளுக்குள் போய்ப் பார்த்தால் ஒரு கோடு கண்ணில் படும். தரையிலிருந்து இரண்டடி, மூன்றடி உயரத்தில், மட்டம் பிடித்து இழுத்ததுபோல அது சுவர் நெடுக ஓடும். கோட்டுக்குக் கீழே பெயின்ட் உப்பியிருக்கும். கை வைத்தால் பூச்சு பொரிந்து கொட்டும். கோட்டை ஒட்டி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதற்கு மேலே சுவர் ஒன்றுமே நடக்காததுபோலச் சுத்தமாக நிற்கும். "ஓதம் ஏறியிருச்சுங்க" என்று சொல்லிப் பெயின்டரைக் கூப்பிடுவார்கள். அவர் சுரண்டி, பட்டி பார்த்து, புது வண்ணம் அடித்துவிட்டுப் போவார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே கோடு, அதே உயரத்தில், மறுபடியும் வந்துவிடும்.

மேலிருந்து பெய்கிற மழை சுவரைக் கீழிருந்து நனைப்பது எப்படி? நனைக்கத் தொடங்கிய ஈரம் கூரை வரை போகாமல் இடுப்பளவில் நின்றுவிடுவது ஏன்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், சுவருக்குச் செய்யும் செலவில் பெரும்பகுதி வீண் என்பதும், உண்மையில் எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

செங்கல் பார்வைக்குத்தான் கெட்டி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. அதாவது மூன்று கிலோ எடையுள்ள ஒரு கல் அரை லிட்டருக்கு மேல் உறிஞ்சும். விளக்குத் திரியில் எண்ணெய் மேலே ஏறுகிறதே, அதே இயக்கம்தான் சுவரிலும் நடக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, துளையின் சுவரையும் பற்றிக்கொள்கின்றன. துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். ஒரு மைக்ரான் ஆரம் உள்ள துளையில், கணக்குப்படி, தண்ணீர் ஏறக்கூடிய உயரம் ஏறத்தாழ 15 மீட்டர். நான்கு மாடி உயரம்.

அப்படியானால் ஏன் மூன்றடியில் நிற்கிறது? சுவர் குடிக்கும்போதே காய்ந்துகொண்டும் இருக்கிறது. அடியிலிருந்து எவ்வளவு தண்ணீர் ஏறுகிறதோ, அவ்வளவும் சுவரின் இரு முகங்களிலும் ஆவியாகிப் போய்விடும் உயரம் ஒன்று உண்டு. அந்தச் சமநிலைக் கோட்டைத்தான் நாம் கறையாகப் பார்க்கிறோம். மண்ணில் ஈரம் கூடினால் கோடு மேலே போகும். வெயில் ஏறினால் கீழே இறங்கும். சுவரின் முகத்தை மூடிவிட்டாலும் மேலேதான் போகும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பலரும் கவனிப்பதில்லை. "நாலடிக்கு டைல்ஸ் ஒட்டீட்டா ஓதம் தெரியாதுங்க" என்று யாராவது யோசனை சொல்வார்கள். உண்மைதான், ஓரிரு வருடம் தெரியாது. டைல்ஸுக்குப் பின்னால் காய வழியில்லாத தண்ணீர் அதற்கு மேலே உள்ள திறந்த சுவரைத் தேடிப் போகும். நான்கடிக்கு ஒட்டிய வீட்டில் ஐந்தடியில் கறை வரும். தடிமனான சிமென்ட் பூச்சும், தண்ணீர் புகாது என்று விளம்பரம் செய்யப்படும் பெயின்ட்டும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஈரமான சுவரை மூடுவதைப் போலக் கெடுதல் வேறில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இனி உப்புக்கு வருவோம். நிலத்தடி நீர் வெறும் தண்ணீராக ஏறுவதில்லை. மண்ணிலுள்ள குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட் உப்புகளையும் கரைத்துத் தூக்கி வருகிறது. தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு மட்டும் தங்கிவிடும். வருடா வருடம் சேரும் அந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாக வளரும்போது பூச்சைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. சோடியம் சல்ஃபேட் இதில் மிகப் பொல்லாதது. காய்ந்த நிலையில் சிறிய படிகமாக இருக்கும் அது, ஈரம் பட்டதும் தண்ணீரைத் தன்னுள் இழுத்துக்கொண்டு ஏறத்தாழ நான்கு மடங்கு பருமனாகிவிடும். 32 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இந்த மாற்றம் நடக்கிறது. கொங்கு நாட்டின் பகல் அந்த எல்லையைத் தாண்டும், இரவு அதற்குக் கீழே இறங்கும். சிமென்ட் பூச்சே பெயர்ந்து விழுவதில் வியப்பில்லை.

உப்பு செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். சில நைட்ரேட் உப்புகளுக்கு அதைவிடக் குறைவான ஈரமே போதும். மழையே பெய்யாத மூடாப்பு நாளில் சுவர் நனைந்து கிடப்பதன் காரணம் இது. பைப் உடைந்துவிட்டதோ என்று தரையைத் தோண்டுவதற்கு முன்னால் இதை யோசித்துப் பார்க்கலாம்.

இந்த உப்பில் ஒரு பங்கை வீடு கட்டும்போது நாமே சேர்த்திருப்போம். ஆயிரம் அடிக்கு இறங்கிய போர்வெல்லிலிருந்து வரும் சவர்த் தண்ணீரில் கலவை குழைத்து, அதே தண்ணீரில் க்யூரிங் செய்வது நம் பக்கத்தில் சாதாரணம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்பது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் விதி. கம்பி துருப்பிடிக்கும் என்பதற்காக எழுதப்பட்டது அது. தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கட்டுகிறவர்கள் சுவரையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் ஓதத்தைப் பேச முடியாது. காரமடையைச் சுற்றிச் செம்மண் நிலம் நிறைய உண்டு. கோவை நோக்கிப் போகும் வழியில் பெரியநாயக்கன்பாளையம் வருகிறது. மண் ஆய்வாளர்கள் ஒரு கரிசல் மண் வகைக்கே இந்த ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள். செம்மண் கொஞ்சம் மணற்பாங்கானது. பெய்த மழையைச் சீக்கிரம் கீழே விட்டுவிடும். கரிசல் மண்ணில் களி அதிகம். குடித்த தண்ணீரை வாரக்கணக்கில் வைத்திருக்கும், ஊறி உப்பும், காய்ந்து வெடிக்கும். கிராவல் அடிப்பதற்குக் காசு கூடுதல் என்று, தோண்டின கரிசலையே பேஸ்மட்டத்துக்குள் கொட்டி நிரப்பிவிட்டால், வீட்டுத் தரைக்கு அடியில் நிரந்தரமாக ஓர் ஈரக் கிடங்கை வைத்துக்கொண்டதாகிவிடும். அதன் மேல் எத்தனை அழகான டைல்ஸ் போட்டாலும் இடுக்குகளில் வெள்ளை பூத்துக்கொண்டே இருக்கும்.

பழைய தொட்டிக்கட்டு வீடுகளிலும் தோட்டத்துச் சாளைகளிலும் தரைமட்டத்துக்கு மேலே நன்றாகத் தூக்கிக் கட்டிய கருங்கல் பேஸ்மட்டத்தைப் பார்க்கலாம். ஏறி உட்காரத் திண்ணை வேண்டும் என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை. நல்ல கருங்கல் தன் எடையில் ஒரு சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. மண்ணுக்கும் செங்கல்லுக்கும் நடுவே அது ஒரு தடையாக நிற்கிறது. கல்லுக்கு இடையிலுள்ள சாந்து வழியாகக் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இப்போது அந்த வேலையை பெல்ட் கான்கிரீட்டும், அதன் மேல் போட வேண்டிய ஈரத்தடுப்புப் படையும் செய்கின்றன. அந்தப் படை, தண்ணீர் புகாத மருந்து கலந்த, ஒன்றரை இரண்டு அங்குலக் கான்கிரீட்தான். வீட்டைச் சுற்றி ஓர் இடம்கூட விட்டுப்போகாமல் தொடர்ந்து ஓட வேண்டும் என்பது மட்டுமே அதில் கவனிக்க வேண்டியது. ஒரு வாசலில் விட்டுப்போனால் அந்த வாசல் வழியாகவே ஓதம் உள்ளே வரும். சுற்றியுள்ள தரையைவிட வீட்டின் பேஸ்மட்டம் குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. கட்டும்போது பெரும்பாலும் அந்த உயரம் இருக்கத்தான் செய்கிறது. பிறகு எப்படிக் காணாமல் போகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளையாகப் பூப்பதையும் கறுப்பாகப் பூப்பதையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு. வெள்ளைப் பஞ்சுபோல இருப்பதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்து போனால் அது உப்பு. கரையாமல் நிற்கும் கறுப்பும் பச்சையும் பூசணம். உப்பு அதிகமுள்ள பட்டையில் பூசணம் பெரும்பாலும் வளர்வதில்லை. அது தேடிப் போகும் இடங்கள் வேறு. சுவரை ஒட்டி நிறுத்திய பீரோவின் முதுகு, மாடிப்படிக்கு அடியில் மூட்டை அடுக்கிய இருட்டு மூலை, குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் உள்ள துணி அலமாரி, பரண். காற்று அசையாத, சுவர் குளிர்ந்த இடங்கள்.

பூசண வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. ஆஸ்பர்ஜில்லஸ், கிளாடோஸ்போரியம், பெனிசிலியம் ஆகிய மூன்றும் நம் வீடுகளுக்குப் புதியவை அல்ல. வித்தை வெளியே நிறுத்த யாராலும் முடியாது. அதற்குத் தேவைப்படும் தீனியும் எங்கும் உண்டு. தூசி, காகிதம், மரத்தூள் பலகை, தோல் செருப்பு, பெயின்ட்டின் பசை எதுவானாலும் அதற்குப் போதும். நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். சுவரின் மேற்பரப்பில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கும். நேரடியாக நனைந்த அட்டைப்பெட்டியில் இரண்டு நாளிலேயே தொடங்கிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2009ல் வீட்டு ஈரத்தையும் பூசணத்தையும் பற்றித் தனி வழிகாட்டி வெளியிட்டது. ஈர வீடுகளில் வாழ்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாக வருவதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன என்று அதில் இருக்கிறது. பெரும்பொழுதை வீட்டுக்குள் கழிக்கும் கைக்குழந்தைகளும் வயதானவர்களும்தான் முதலில் பாதிக்கப்படுகிறார்கள். வண்ணம் கெட்டுப்போவது போகட்டும், இதற்காகவாவது ஓதத்தைப் பொருட்படுத்த வேண்டும்.

அமெரிக்காவில் இதே பிரச்சினைக்கு வேறு ஒரு முகம் உண்டு. அங்கே மர வீடுகள் பலவற்றைத் தரையிலிருந்து இரண்டு மூன்றடி தூக்கி, குட்டைச் சுவர்கள் மேல் கட்டுகிறார்கள். ஆள் ஊர்ந்துதான் போக முடியும் என்பதால் அந்த இடைவெளிக்குக் 'கிரால் ஸ்பேஸ்' என்று பெயர். நமக்கு இது முற்றிலும் அந்நியமும் அல்ல. காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் போய் மலையேறினால் குன்னூர், ஊட்டியில் பலகைத் தரை போட்ட பழைய பங்களாக்கள் சிலவற்றில், தரைக்குக் கீழே காற்றுப் போக வெளிச்சுவரின் அடியில் சிறு திறப்புகள் விட்டிருப்பார்கள். காற்றோட்டம் இருந்தால் ஈரம் போய்விடும், மரம் உளுக்காது என்பது எண்ணம். அமெரிக்கக் கட்டட விதிகளும் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் சொல்லிவந்தன.

அந்த எண்ணம் சோதனைக்கு வந்தது அங்கே வட கரோலினா மாநிலத்தில், பிரின்ஸ்வில் என்ற சிற்றூரில். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள், வேறு யாரும் விரும்பாத தார் ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் அமைத்த ஊர் அது. 1999ல் ஃப்ளாய்ட் புயல் வெள்ளத்தில் ஊர் மூழ்கியது. அதற்குப் பின் அங்கே 12 வீடுகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 'அட்வான்ஸ்டு எனர்ஜி' என்ற ஆய்வு நிறுவனம் நடத்தியது. சில வீடுகளின் அடியிடத்தில் வழக்கம்போலக் காற்றுத் திறப்புகள் இருந்தன. மற்றவற்றில் திறப்புகளை அடைத்து, மண்ணை பாலித்தீன் விரிப்பால் முழுவதும் மூடினார்கள். கோடையில் திறப்பு வைத்த வீடுகளின் அடியிடம்தான் அதிக ஈரமாக இருந்தது. அடைத்து மூடியவை உலர்ந்திருந்தன. வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆகும் மின்செலவும் அவற்றில் சுமார் 15 சதவீதம் குறைந்தது.

காற்று உள்ளே வந்தால் ஈரம் கூடுமா? கூடும், காற்று எங்கிருந்து எங்கே வருகிறது என்பதைப் பொறுத்து. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை எடுத்துக்கொள்வோம். அது 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதற்குமேல் தன் ஈரத்தைத் தாங்க முடியாது, துளியாக விட்டுவிடும். அந்த 24 டிகிரிதான் அக்காற்றின் பனிநிலை. நிழலில் கிடக்கும் அடியிடம் அதைவிடக் குளிர்ந்திருந்தால், உலர்த்துவதற்காக உள்ளே விட்ட காற்றே நனைத்துவிட்டுப் போகும்.

நம் வீட்டிலும் இதுவே நடக்கிறது. கார்த்திகையில் நான்கு நாள் தொடர்ந்து மழை. ஐந்தாம் நாள் பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில் அடிக்கிறது. வீடு முழுக்க ஈரவாடை என்று எல்லா ஜன்னலையும் திறந்துவிடுகிறோம். சற்று நேரத்தில் டைல்ஸ் தரை வேர்க்கிறது, கால் வைத்தால் வழுக்குகிறது. நான்கு நாளில் 23 டிகிரிக்குக் குளிர்ந்த தரையின் மேல், நனைந்த மண்ணிலிருந்து கிளம்பிய நீராவியோடு வெளிக்காற்று வந்து விழுந்ததன் விளைவு அது. ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரை வேர்த்தால் அந்த நேரத்துக்குச் சாத்தி வையுங்கள், மின்விசிறியைப் போடுங்கள். வெளியில் ஈரம் வடிந்த பின்மாலையில் திறந்துவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை நடுவீட்டில் மாட்டி வைத்தால் ஊகத்துக்கே வேலையில்லை. சமையலறையிலும் குளியலறையிலும் எழும் ஆவியை அங்கங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து வெளியே தள்ள வேண்டும். அடைமழையில் வேறு வழியின்றி வீட்டுக்குள் கொடி கட்டித் துணி உலர்த்தினால், ஒரு வாளித் துணியிலிருந்து ஓரிரு லிட்டர் தண்ணீர் காற்றில் கலந்து கடைசியில் பீரோவின் முதுகில்தான் போய்ச் சேரும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தாலே அங்கே பூசணம் பிடிப்பது பெருமளவு குறையும்.

கறை கீழிருந்து ஏறும் ஈரமா, காற்றிலிருந்து படிந்த ஈரமா என்று பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சுவரின் ஒரு சதுர அடியைத் துடைத்து, பாலித்தீன் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப்பால் இறுக ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் வெளிமுகத்தில் துளி இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். உள்முகத்தில் துளி இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தரைக்கும் இதே சோதனை பொருந்தும்.

கீழிருந்துதான் வருகிறது என்று உறுதியானால் வீட்டுக்கு வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஓதம் ஏறிய வீட்டுக்கு மருத்துவம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியின் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 930 லிட்டர். ஐந்து சென்டிமீட்டர் மழை ஒரே இரவில் கொட்டுவது ஐப்பசியில் அரிதல்ல. அப்போது நாலாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு மேல் கீழே வரும். இவ்வளவும் இரண்டு குழாய் வழியாக நேராகச் சுவரடியில் விழுகிற வீடுகளை எத்தனையோ பார்க்கிறோம். குழாய் வாயை முழங்கை போட்டு, சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளிக் கொண்டுபோய் விட்டால், ஓதத்துக்குப் போகும் தண்ணீரில் பெரும்பங்கு அன்றைக்கே நின்றுவிடும். இதற்கு ஆகும் செலவு ஒரு டின் பெயின்ட் விலைகூட இல்லை.

தமிழ்நாட்டில் 2003ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நிலத்தடி நீருக்கு அது செய்த நன்மை பெரிது. ஆனால் இடம் போதாத வீட்டு மனைகளில் அவசரமாகத் தோண்டிய குழிகள் பல, அஸ்திவாரத்தை ஒட்டியே அமைந்துவிட்டன. குழியை மூட வேண்டாம். மனையின் எல்லையோரத்துக்கு மாற்றுங்கள். மாற்ற இடமில்லையென்றால் சேமிப்புத் தொட்டிக்குத் திருப்பி, நிரம்பி வழிவதை மட்டும் தூரத்தில் இறக்குங்கள்.

கொல்லைப்புறத்தில் குளியலறைத் தண்ணீர் போகுமிடத்தில் வாழை வைப்பது நம் ஊரின் நல்ல வழக்கம். குழாய்க்கும் வாழைக்கும் நடுவே தண்ணீர் மண்ணில் ஊறியபடி சுவரோரமாக ஓடினால்தான் கெடுதல். வாழை சுவரைவிட்டு எட்டிப்போகட்டும், தண்ணீர் மூடிய குழாயில் போகட்டும். கறிவேப்பிலையும் செம்பருத்தியும் சுவரைத் தொட்டுக்கொண்டு வளர்ந்து, தினமும் அங்கேயே குடம் குடமாக ஊற்றினால் அதுவும் இதே கதைதான். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிச்சரிவாக சிமென்ட் தளம் போடுவதும், அதற்கு அப்பாலுள்ள மண் வீட்டை நோக்கிச் சாயாமல் பத்தடிக்கு அரையடி வீதம் வெளிப்பக்கம் இறங்கும்படி வெட்டி விடுவதும் மிகப் பழைய வைத்தியங்கள். இவற்றுக்கு மாற்றாக எந்த மருந்தும் இன்னும் வரவில்லை. தரைக்குக் கீழே கட்டிய சம்ப் கசிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இரவு மோட்டாரும் குழாயும் நிறுத்தி, மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் குறைந்திருந்தால் தண்ணீர் எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும்.

வெளிவேலை முடிந்த பிறகு சுவருக்கு வரலாம். கறைக்கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை பூச்சை முழுவதும் உடைத்து, செங்கல்லைத் திறந்து விட வேண்டும். அதற்குப் பிறகு தேவைப்படுவது பொறுமை. நனைந்த செங்கல் சுவர், மாதத்துக்கு ஓர் அங்குலத் தடிமன் காயும் என்பது அனுபவக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு முக்கால் வருடம் என்று ஆகிறது. தை, மாசியில் உடைத்துவிட்டால் பங்குனி, சித்திரை வெயிலும் ஆடிக் காற்றும் கிடைக்கும். அவ்வப்போது பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து அள்ளி வெளியே போட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடியும் உள்ளே போய்விடும். காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு பூசினால் மீதமுள்ள ஈரமும் உப்பும் அதன் வழியே வெளியேறும். அந்தப் பூச்சு சில வருடங்களில் உதிர்ந்தாலும் செங்கல் பிழைத்துக்கொள்ளும். சுவரடி வரிசையில் நான்கைந்து அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, ஈரத்தை விலக்கும் சிலேன் மருந்தைச் செலுத்தும் முறையும் உண்டு. ஈரத்தடுப்புப் படையே இல்லாத பழைய வீட்டுக்கு அது கைகொடுக்கக்கூடும். ஆனால் வெளித் தண்ணீரைத் திருப்பாமல் அதை மட்டும் செய்யச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்து, பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டும் வழக்கத்தில் நல்ல கணக்கு ஒன்று அடங்கியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்கிறது. தை பிறக்கும்போது சுவர் காயத் தொடங்கியிருக்கும். சுண்ணாம்பின் கடுமையான காரத்தன்மையில் பூசணம் பிழைக்காது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அந்தக் காரம் மாதங்கள் போகப் போகக் குறைந்துவிடும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை அடித்தால்தான் பலன். எமல்ஷன் அடித்த வீட்டில் இந்தப் பாதுகாப்பும் கிடையாது, சுவர் காய வழியும் குறைவு. குறைந்தபட்சம் மாடிப்படி அடி, சாமான் அறை, கழுவுமிடத்தை ஒட்டிய சுவர் இவற்றுக்காவது சுண்ணாம்பையே வைத்துக்கொள்ளலாம்.

வந்துவிட்ட பூசணத்தைச் சுத்தம் செய்யும்போது உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்கக் கூடாது. கோடிக்கணக்கான வித்துகள் கிளம்பி வீடு முழுக்கப் பரவும். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, மின்விசிறி வைத்துக் காய விடுங்கள். பிளீச்சிங் கரைசல் கறையின் நிறத்தைப் போக்கும். செங்கல் துளைக்குள் போன இழையை அது அவ்வளவாகத் தொடாது. செத்த பூசணமும் ஒவ்வாமை தரும் என்பதால், துடைத்து எடுப்பதுதான் முக்கியம். பிளீச்சிங்கோடு கழிவறைக் கழுவும் ஆசிட்டை எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். வருவது குளோரின் வாயு. மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஊறிப்போன மரத்தூள் பலகையையும் மெத்தையையும் காப்பாற்ற முயல வேண்டாம், எடுத்துப் போட்டுவிடுங்கள்.

புதிதாகக் கட்டுபவர்கள் தரையை முதலிலேயே சரியாகப் போட்டுவிட்டால் இந்த மருத்துவத்தில் பெரும்பகுதி தேவைப்படாது. கிராவல் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கி, அதன் மேல் ஜல்லிப்படுகை, அதன் மேல் 150 மைக்ரானுக்குக் குறையாத பாலித்தீன் விரிப்பு, ஓரங்களில் ஓரடி மேலேற்றி ஒட்டியது, அதற்கு மேல் தரைக் கான்கிரீட். பிரின்ஸ்வில்லில் திறப்புகளை அடைத்த வீடுகளின் அடியில் மண்ணை மூடியதும் இதுபோன்ற விரிப்புதான். மொத்த வீட்டுச் செலவில் அதன் விலை கண்ணுக்கே தெரியாது. தரை போட்ட பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அதை உள்ளே நுழைக்க முடியாது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் ஒரு வீடு ஈரமாகலாம். வீட்டுக்காரர் கையில் இல்லாத காரணங்கள் உண்டு. தண்ணீர் தாழ்வைத் தேடும். எந்தத் தாழ்வில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை நம் ஊர்களில் சாதியும் வசதியும்தான் பெரும்பாலும் முடிவு செய்திருக்கின்றன. காரமடைக்குப் பக்கத்திலேயே, மேட்டுப்பாளையம் நடூரில், 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில், கனமழைக்கு நடுவே சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் சரிந்து, ஒட்டியிருந்த வீடுகளின் மேல் விழுந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 17 பேர் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். எல்லோரும் தலித் மக்கள். அது தீண்டாமைச் சுவர் என்று சொல்லி நீதி கேட்டுப் போராட்டங்கள் நடந்தன. சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், அதன் அடியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம் விழும். மண்ணையும் நீரையும் தாங்கும்படி நிற்கும் எந்தச் சுவருக்கும் தண்ணீர் வடியத் துளைகள் விட வேண்டும் என்பது கட்டட வேலையின் அரிச்சுவடி. மேட்டில் இருப்பவர் கட்டும் சுவரிலும், திருப்பிவிடும் மழைநீரிலும் பள்ளத்தில் இருப்பவரின் உயிர் இருக்கிறது. என் வீட்டுத் தண்ணீரை ஆறடி தள்ளிவிடும்போது அது யார் வீட்டுச் சுவரடிக்குப் போகிறது என்று பார்க்காமல் விட முடியாது.

45 சென்டிமீட்டர் உயரம் எப்படிக் காணாமல் போகிறது என்பதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். தெருவில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரின் மேலேயே புதிய படையைக் கொட்டுகிறார்கள். நான்கைந்து முறை இப்படி ஏறினால், மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் ஒரு படி இறங்கி நுழைய வேண்டியதாகிவிடும். அப்புறம் தெருவின் மழை முழுக்க வீட்டு அஸ்திவாரத்துக்கு வந்துவிடும். எத்தனை டைல்ஸ், எத்தனை மருந்து போட்டாலும் நிற்காது. 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, முன்பிருந்த மட்டத்திலேயே சாலை போட வேண்டும் என்று துறைகளுக்கு அறிவுறுத்தினார். வீடுகளுக்குள் மழைநீர் புகுவதைத்தான் காரணமாகச் சொல்லியிருந்தார்.

காரமடை அதே 2021ல்தான் நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. தெருக்களுக்குச் சாலை வேலை இனியும் வரும். உங்கள் வெளிச்சுவரில் இப்போதைய சாலை மட்டத்திலிருந்து சரியாக இரண்டடி உயரத்தில் ஓர் ஆணி அடித்து, தேதி போட்டு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தார் லாரி வருவதற்கு முன்னால், சுரண்டும் இயந்திரம் வருகிறதா என்று வார்டு உறுப்பினரிடம் தெரு முழுக்கச் சேர்ந்து போய்க் கேளுங்கள். வேலை முடிந்ததும் ஆணியிலிருந்து மறுபடி அளந்து பாருங்கள். இரண்டடிக்குக் குறைந்திருந்தால், அந்த அளவையும் போட்டோவையும் வைத்து நகராட்சி ஆணையருக்கு மனு எழுதலாம்.